பாதித் திருகு

"சகலை வண்டியைப் பிரிக்கணும். இப்பவே, என் கண்ணு முன்னாடி பிரிக்கணும்!"

ராக்கெட் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கத்தினார்.

ராக்கெட் என்பது அவருக்கு அவரே வைத்துக்கொண்ட பெயர். வண்டியின் பின் மட்கார்டில் பெரிசாக எழுதியும் வைத்திருந்தார், பின்னால் வருகிறவர்கள் படிக்கட்டும் என்று. பின்னால் ஒருத்தரும் வராததால் இதுவரை யாரும் படித்ததில்லை.

மண் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டுகிற குட்டி பைக் பந்தயம் அது. வண்டி முழங்கால் உயரம்தான். பிள்ளைகள் ஓட்டினால் அழகாக இருக்கும். பெரியவர்கள் ஓட்டினால், முக்காலியில் உட்கார்ந்தபடியே கரப்பான்பூச்சியைத் துரத்துகிற மாதிரி இருக்கும்.

பெரியவர்கள் பந்தயத்தில் சகலை முதல். ராக்கெட் கடைசி. போன தடவையும் அப்படித்தான்.

"பிரிச்சுடலாம் சார்" என்றார் வண்டிகளைச் சோதிக்கிற மெக்கானிக். "ஆனா புகார் குடுத்தவர் வண்டியையும் சேத்துப் பிரிப்போம். அதான் இங்க சட்டம்."

"தாராளமா! என் வண்டில ஒளிக்க என்ன இருக்கு? ஒவ்வொண்ணும் நானே பாத்துப் பாத்துச் செஞ்சது."

செய்தது வாஸ்தவம்தான். கனம் குறையட்டும் என்று செயின் கவரில் ஓட்டை போட்டார். போல்ட்டையெல்லாம் அலுமினியத்துக்கு மாற்றினார். கால் கிலோ குறைந்தது. மேலே ஏறி உட்காருகிற நூறு கிலோவை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

போன வருஷம் கீழே விழுந்து எழுந்தபிறகு புதுசாக ஒரு ஆக்சிலேட்டர் பிடி மாட்டினார். "சாதாப் பிடிய முழுசாத் திருகணும். இது பாதித் திருகுலயே பறக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திருகிக் காட்டுவார். கழுவுவது, துடைப்பது, எண்ணெய் விடுவது எல்லாம் மற்றவர்கள் வேலை.

காலையில் சிறுவர் பந்தயத்தில் அவர் மகளும் கடைசியாகத்தான் வந்தாள்.

"வண்டியக் குறை சொல்லாத. அதை ரெடி பண்ணினது நான். உன் மணிக்கட்டுலதான் தெம்பு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்போதிருந்து அந்தப் பெண் ஒரு ஓரமாக, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

சகலை வண்டியை முதலில் பிரித்தார்கள்.

"ஏர் ஃபில்டர்ல ஒரு மூட்டை தூசி இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. கடையில வாங்கினபடியே இருக்கு" என்றார் மெக்கானிக்.

"கழுவ நேரமே கிடைக்கலீங்க" என்று சகலை தலையைச் சொறிந்தார்.

அடுத்தது ராக்கெட்டின் வண்டி. மெக்கானிக் கார்புரேட்டரின் மேல் மூடியைத் திருகித் திறந்தார். ஸ்பிரிங் வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து சின்னதாக ஒரு பச்சை ரப்பர் ட்யூப் துண்டு கீழே விழுந்தது.

"சார், இதை யார் வெச்சது?"

"எதை?"

"இது உள்ள இருந்தா ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல திறக்காது. ஜெயிக்கறதுக்குத் தில்லுமுல்லு பண்ணினவங்கள நிறையப் பாத்திருக்கேன். தோக்கறதுக்குப் பண்ணினவர இன்னிக்குத்தான் பாக்கறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"பாதித் திருகுலயே பறக்கும்னீங்களே அண்ணே" என்றார் சகலை. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"நீதான்யா! போன வாரம் கார்புரேட்டரக் கழுவித் தரேன்னு என் ஷெட்டுக்குள்ள போனவன் நீதானே!"

"கீழ்க் கிண்ணத்தக் கழுவினேண்ணே. மேல் மூடிய நான் தொடவே இல்ல."

"நடிக்காத! இனிமே உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். நீயும் உன் பொண்டாட்டியும் என் வீட்டுப் பக்கமே வரக்கூடாது!"

சகலையின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்த ராக்கெட்டின் மனைவி முன்னால் வந்தாள்.

"என் தங்கச்சி என்னங்க பண்ணினா? அதை வெச்சது நான்."

"நீயா? ஸ்பேனர எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா உனக்கு?"

"அந்த மூடிக்கு ஸ்பேனர் வேண்டாங்க. கையாலயே திறக்கலாம்."

ராக்கெட் அப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினார். அவளே பேசினாள்.

"போன வருஷம் தோள்பட்டை எலும்ப உடைச்சுக்கிட்டு வந்தீங்க. ரெண்டு மாசம் நான்தான் ஊட்டி விட்டேன். வாயில சோத்த வெச்சுக்கிட்டே, அந்தத் திருப்பத்துல இன்னும் முறுக்கியிருக்கணும்னீங்க. ஓட்டாதீங்கன்னா கேப்பீங்களா? அதான்... ஆசைக்கு ஓட்டட்டும், முழுசா வீடு வந்து சேரட்டும்னு."

"அதுக்குச் சொல்லாமக் கொள்ளாம வெச்சுடுவியா? நம்பி ஏறி உக்கார்றவன் முதுகுக்குப் பின்னாடி இப்படிப் பண்ணிட்டு, தோத்து வந்தா ஒண்ணும் தெரியாதவ மாதிரி தண்ணி குடுப்பியா? நமக்குத்தான் திறமை இல்லையோன்னு எப்படிக் குமைஞ்சு போயிருக்கேன் தெரியுமா?"

வாளிமேல் இருந்த பெண் மணிக்கட்டைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள்.

"மனசுல ஈரம் இருக்கறவங்க செய்யற வேலையாடி இது? எவன் சொல்லிக் குடுத்தான் உனக்கு?"

மனைவி அந்த வாளியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்கதாங்க. நம்ம பொண்ணு வண்டிக்கு நீங்க வெட்டி வெச்சது போக மிச்சம் கிடந்த ட்யூப்தான் அது."