வீரமலையின் துடிப்பு

இதய வால்வு மாற்றி ஆறு மாதம் கழித்து, வையம்பட்டி விவசாயி வீரமலை எக்கோ ஸ்கேன் எடுக்கத் திருச்சிக்கு வந்தார். திரையில் நான்கு அறைகளும் சுருங்கி விரிந்தன. புது வால்வு அழகாகத் திறந்து மூடியது.

“நாள் பூரா இப்படியேதானுங்களா வேலை செய்யுது?”

“ஒரு நாளைக்கு லட்சம் தடவைங்க,” என்றாள் ஸ்கேன் எடுத்த கலைமதி.

“அடேயப்பா! நான்கூட அவ்வளவு உழைச்சதில்லைங்க.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கலைமதி கருவியைத் துடைத்து வைத்தாள். திரையில் அவர் இதயம் தொடர்ந்து துடித்தது. துடிப்பு எழுபத்திரண்டு. திடீரென்று அது நூற்றிருபது ஆனது.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். கீழே வீரமலை, கிளம்பிவிட்ட பஸ்ஸின் பின்னால் ஓடி, படியில் தாவி ஏறினார்.

பஸ் போய்விட்டது. எண் மெல்ல மெல்ல இறங்கி எழுபத்திரண்டில் நின்றது.

கலைமதி அடுத்தவரைப் பக்கத்து அறைக்கு அழைத்தாள். அந்தத் திரையை அணைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.