குளிராத ஏசி

"கேஸ் தீந்துபோச்சா தம்பி?" என்று கேட்டார் காசிமாயன். ஸ்டூல்மேல் நின்றிருந்த மெக்கானிக் தௌஹீதுக்கு மருமகள் திவ்யா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கேஸெல்லாம் இருக்குங்கய்யா. காத்துதான் உள்ள போகலை. அது போனாத்தானே குளிர் வெளிய வரும்?"

கே.கே. நகரின் அந்த வீட்டில் இருந்தது ஒரே ஏசி. திவ்யாவின் பிறந்த வீட்டுச் சீராக வந்து, புதுமணத் தம்பதியின் அறையில் மாட்டப்பட்டது. சித்திரை வெயில் தொடங்கிய அன்றே காசிமாயன் தலையணையுடன் அந்த அறைக்குள் வந்தார். அவர் மனைவி பாண்டியம்மாளும் பின்தொடர்ந்தார். அதன்பின் திவ்யாவும் கணவன் அழகுராஜாவும் ஒரே கட்டிலில் படுத்தபடி, கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிப் பேசிக்கொண்டார்கள்.

ஆகவே ஒருநாள் திவ்யா ஏசியின் முன்மூடியைத் திறந்து, வலப்பக்க வலைக்குப் பின்னால் பழைய துப்பட்டா ஒன்றைத் திணித்தாள். குளிர் சற்றே குறைந்தது, மாமனார் நகரவில்லை. சில நாள் கழித்துக் குளிர் திடீரென்று அறவே நின்றது; அவர் ஹாலுக்குப் போனார். ஒரு துப்பட்டா இவ்வளவு தாமதமாக வேலை செய்வது ஏன் என்பதைத் திவ்யா ஆராயவில்லை.

இப்போது அது வெளியே வரப்போகிறது.

"மெக்கானிக்கெல்லாம் எதுக்குன்னு அப்பவே கேட்டேன். ஹால்ல ஃபேன் இல்லையா?" என்றார் பாண்டியம்மாள்.

"நீ சும்மா இருடி. இட்லி மாதிரி வெந்துபோய்க் கெடக்கேன்."

தௌஹீது வலப்பக்க வலையைக் கழற்றினார், துப்பட்டா வந்தது. இடப்பக்க வலையைக் கழற்றினார். ஒரு துண்டு வந்தது.

திவ்யா அந்தத் துண்டையே பார்த்தாள்.

"அது என் துண்டாச்சே!" என்றார் காசிமாயன். "எவன் பாத்த வேலை இது?"

"நான்தான் ரெண்டையும் வச்சேன், தூசி போகக் கூடாதுன்னு," என்றார் பாண்டியம்மாள். " அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறீக?"

"அடேயப்பா, இம்புட்டு அறிவா உனக்கு!"

ஏசி சில்லென்று வீசியது. மெக்கானிக் வாசலைத் தாண்டுமுன், காசிமாயன் அதற்கு நேர் கீழே படுத்துவிட்டார்.

அடுப்படியில் திவ்யா தலைகுனிந்து நின்றாள். "அத்தை... துப்பட்டா நான் வச்சது. அந்தத் துண்டு?"

பாண்டியம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு பக்கம் அடைச்சதுக்கெல்லாம் உங்க மாமா எந்திரிக்க மாட்டாருன்னுதான் தாயி, இன்னொரு பக்கத்தை நான் அடைச்சேன்."