புழு கடித்த கீரை

இதில் முதல் பாதி நான் நேரில் பார்த்தது இல்லை. ஆபீஸில் என் பக்கத்து மேசை அக்கா சொன்னது. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

அக்காவின் நாத்தனார் ஃப்ரிட்ஜைத் திறந்தவள், திறந்தபடியே நின்றுவிட்டாளாம்.

"அண்ணி, என்ன கீரை இது? இலைக்கு இலை ஓட்டை!"

அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"புழு கடிச்சிருக்கும்."

"புழு தின்ன மிச்சத்தையா எங்கம்மாவுக்குப் போடறீங்க? எடை இன்னும் குறைஞ்சா அடுத்த கீமோ ஊசி போட முடியாதுன்னு டாக்டர் அவ்வளவு சொல்லியிருக்காரு. நீங்க என்னடான்னா..."

உள்ளே கட்டிலில் இருந்து மாமியாரின் குரல் வந்தது.

"சும்மா இருடி. அது மருந்தடிக்காத கீரை. புழுவே நம்பிக் கடிச்சிருக்கு. நீ வாங்கிட்டு வந்த ஆப்பிளைப் பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி பளபளன்னு உட்கார்ந்திருக்கு. ஒரு எறும்பு எட்டிப் பார்க்கலை."

ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து கரப்பான் ஒன்று ஓடி வந்தது. நாத்தனார் நாற்காலியில் ஏறிவிட்டாள்.

"ஐயோ, ஸ்ப்ரே எங்கே அண்ணி?"

"அதைத் தூக்கிப் போட்டாச்சு. கொசுவர்த்தியும் கிடையாது. விஷ வாசனையே வீட்டுக்குள்ள ஆகாதுன்னு உங்கம்மா உத்தரவு."

அக்கா காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். ஒரே அடி.

நாத்தனார் கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாளாம். "உங்க அம்மாவா இருந்தா இப்படிப் பொறுக்கிப் போட்டதை வாங்கிட்டு வருவீங்களா?"

அக்கா கரப்பான் அடித்த செருப்பைக் கழுவப் போய்விட்டாராம்.

மறுநாள் ஆபீஸில் காகிதத்தில் ஓட்டை போட நான் பஞ்சிங் மெஷினைத் தேடினேன். அக்கா தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் அடிமூடி நிரம்பியிருந்தது. குப்பைக் கூடையில் தட்டினேன். வெள்ளைப் பொட்டுகளோடு பச்சைப் பொட்டுகளும் கொட்டின.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகுதான் எல்லாம் சொன்னார்.

"அத்தை ஆர்கானிக் கீரைன்னாதான் வாயில வைப்பாங்க. மத்ததெல்லாம் விஷமாம். நானும் அந்த ஆர்கானிக் கடையிலதான் வாங்கிட்டிருந்தேன். ஒருநாள் காலையில மொத்த மார்க்கெட் பக்கம் போனா, அந்தக் கடை வண்டி அங்க நிக்குது. ஊரே வாங்குற அதே குவியல்லேருந்து கட்டுக் கட்டா ஏத்துறாங்க. மருந்து வாடைகூடப் போகலை."

"அத்தைகிட்ட சொல்லிடலாமேக்கா."

"சொன்னா அன்னிக்கே தட்டைத் தள்ளி வெச்சிடுவாங்க. அப்புறம் எங்க எடை ஏறுறது, எங்க ஊசி போடுறது?"

"வேற கடை?"

"அவன் மட்டும் யோக்கியன்னு யார் கண்டா? இப்போ சாதாரணக் கீரையையே வாங்கறேன். உப்புத் தண்ணியில ஊற வெச்சுத் திரும்பத் திரும்ப அலசறேன். என்னால ஆனது அதுதான். ஆனா ஓட்டை இருந்தாத்தான் அவங்க நம்புறாங்க. முதல்ல தையல் ஊசியால குத்திப் பார்த்தேன். ஊசி ஓட்டையைப் பார்த்தா ஊசி ஓட்டை மாதிரியே இருக்கு. இது ஒரு அழுத்துக்கு ரெண்டு ஓட்டை. வேலையும் சீக்கிரம் முடியுது."

பஞ்சிங் மெஷினை என்னிடமிருந்து வாங்கித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏமாத்தறேன்தானே? தப்புதான், இல்ல?"

நான் குப்பைக் கூடையை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

அடுத்த விடுமுறையில் அவர் மாமியாரைப் பார்த்துவிட்டு வரப் போனேன். மாமியார் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மணிக்கட்டு குச்சியாக இருந்தது. அக்கா அடுப்படியில் இருந்தார்.

"வாம்மா. உன்னைப் பத்தி என் மருமக சொல்லியிருக்கா. உட்காரு."

பேசிக்கொண்டே ஓர் இலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு ஓட்டைகள் வழியாகவும் வெளிச்சம் வந்தது.

"இந்த வீட்டுப் புழு ரொம்ப ஒழுங்கு. ஜோடி ஜோடியாத்தான் கடிக்கும்."

அக்காவைக் கூப்பிடலாமா என்று அடுப்படிப் பக்கம் பார்த்தேன்.

"அவ கிடக்கட்டும், கூப்பிடாதே. பாவம், ஏற்கெனவே களைச்சுப் போயிருக்கா. எனக்கு எடை எவ்வளவு ஏறியிருக்கு தெரியுமா? அடுத்த ஊசிக்கு டாக்டர் சரின்னுட்டாரு."

"சந்தோஷம்மா."

"சாயங்காலம் என் பொண்ணு வர்றா. அவ கண்ணு பொல்லாத கண்ணு."

அப்படிச் சொல்லிவிட்டு, இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவில் இலையை நேராகக் கிழித்தார். ஒரு துண்டைத் தட்டின் இந்தப் பக்கம் போட்டார், இன்னொன்றை அந்தப் பக்கம். அடுத்த இலையை எடுத்தார்.

மறுநாள் ஆபீஸில், பொதுவாகக் கேட்பதுபோல் அக்காவிடம் கேட்டேன். அவர் மாமியார் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று.

"அத்தையா? ஒரு பெரிய ஆபீஸ்ல, பதிவறையில. ரிட்டயர் ஆகிற வரைக்கும் காகிதத்துல ஓட்டை போட்டு ஃபைல்ல கோர்க்கிறதுதான் வேலை. ஏன் கேக்கறே?"