மடியில் வைத்த பிள்ளை

ரயில் கதவு மூடிக்கொண்டது. இரண்டு வயது நிலவழகன் உள்ளே. அவனைப் பெற்றவர்கள் வெளியே.

ஊர் பாங்காக். ஆலங்குடியிலிருந்து கிளம்பி, திருச்சியில் விமானம் ஏறி வந்த இரண்டாம் நாள்.

போனில் மேப் பார்த்துக்கொண்டு நின்ற அரவிந்த்குமார், மனைவி கார்த்திகா போட்ட சத்தத்தில்தான் திரும்பினான். நகரும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நீலத் தலைமுடி. கழுத்துவரை பச்சை குத்தல். அவள் மடியில் அவன் மகன்.

"யாரு அவகிட்ட புள்ளையக் குடுத்தது?"

கார்த்திகா ஒரு நொடி விழித்தாள். ஒரு கையில் மடக்கிய தள்ளுவண்டி. இன்னொரு கையில் ஐந்து வயது மகள் அன்புமொழி.

"நான்தாங்க. ஒரே கூட்டமா இருந்துச்சு. அவ மடியில வச்சுட்டு, கீழ இருக்குற பைய எடுக்கலாம்னு எறங்குனேன்..."

"ஆலங்குடி டவுன் பஸ்ஸுன்னு நெனச்சியாடி?"

ஆலங்குடி பஸ்ஸில் அதுதான் வழக்கம். உட்கார்ந்திருப்பவர் மடியில் முதலில் பிள்ளை. அப்புறம் பை. அப்புறம்தான் நாம் ஏறுவது. 'கொஞ்சம் பிடிங்க' என்றால் போதும். யார் எவர் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த பஸ்ஸில் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். இந்த ரயில் பார்க்கவில்லை.

அரவிந்த்குமாரின் அப்பா ஆத்மநாதன் பெரிய பையைப் பிடித்தபடி நின்றார். அவரைக் கூட்டிவர அரவிந்த்குமாருக்கு இஷ்டமே இல்லை. "அத்தை போனதுலேருந்து ஒத்தையில கெடக்குறாரு" என்று கார்த்திகாதான் பிடிவாதம் பிடித்தாள். அன்று காலையில் ஓட்டல் பால்கனிக் கம்பியில் அவர் வேட்டியைக் காயப்போட, "இன்னொருக்கா மானத்த வாங்குனீங்க, அடுத்த பிளைட்ல ஊருக்கு ஏத்தி விட்ருவேன்" என்று ஓட்டலே கேட்கக் கத்தியிருந்தான்.

"அரவிந்து..." என்று இப்போது வாயெடுத்தார்.

"மாமா, நீங்க அந்த பெஞ்சுல உக்காருங்க. தண்ணி குடிங்க" என்று கார்த்திகா மறித்தாள்.

"அப்பா..." என்றாள் அன்புமொழி.

"நீ சும்மா இரு பாப்பா." கார்த்திகா அவள் வாயைப் பொத்தினாள்.

அரவிந்த்குமாருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. "வா, அடுத்த ஸ்டேஷனுக்குப் போவோம்."

"நான் வரலைங்க. வாங்குன எடத்துக்குத்தான் கொண்டாருவா. நாம அங்கிட்டு ஓடிட்டா, இங்க வந்து யாருகிட்ட குடுப்பா?"

"அவ மூஞ்சியப் பாத்தியா நீ? புள்ளைய வித்துட்டுப் போயிருவா!"

"பாத்தேன். அவன மடியில வச்சதும், காதுல மாட்டியிருந்தத கழட்டிட்டு, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டா."

பிளாட்பாரக் காவலர் வந்தார். அரவிந்த்குமார் போனில் இருந்த பிள்ளையின் படத்தைக் காட்டினான். அவர் வாக்கிடாக்கியில் என்னவோ பேசினார். 'இங்கேயே இருங்கள்' என்று தரையைக் கையால் காட்டினார்.

வேறு வழியில்லை. நின்றான். நின்ற இடத்தில் வாய் சும்மா இருக்குமா?

"பி.எட். படிச்சவளாம்! ஊரான் புள்ளைக்குப் பாடம் சொல்லத் தெரியுது, பெத்த புள்ளையப் பாத்துக்கத் தெரியல. எம் புள்ளை மட்டும் கெடைக்கல, ஒங்க அப்பன் வீட்டுக்கு நீ ஒத்தையிலதான் போவ."

கார்த்திகா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெஞ்சில் ஆத்மநாதன் குனிந்த தலை நிமிரவில்லை.

எதிர்ப்பக்கம் ஒரு ரயில் வந்தது. அவள் இல்லை. இன்னொன்று. இல்லை.

மூன்றாவதில் நீல முடி இறங்கியது. அவள் இடுப்பில் நிலவழகன். அவளுடைய பெரிய ஹெட்போனைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

கார்த்திகா தள்ளுவண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். இரண்டு கையையும் நீட்டினாள். அரவிந்த்குமாரும் நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை.

இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அவர்கள் தோளுக்கு மேலே எட்டி எட்டி யாரையோ தேடினாள்.

பெஞ்சில் இருந்த ஆத்மநாதனைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. நேரே போனாள். அவர் மடியில் பிள்ளையை வைத்தாள். ஹெட்போனை மெதுவாகக் கழற்றிக்கொண்டாள். தலை குனிந்து ஒரு கும்பிடு போட்டாள். அடுத்து வந்த ரயிலில் ஏறிப் போயே போய்விட்டாள்.

அரவிந்த்குமாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மூச்சோடு கேள்வியும் வந்தது. பெற்றவர்களை விட்டுவிட்டு அப்பாவிடம் ஏன் கொடுத்தாள்? ரயில் கதவு மூடியபோது கார்த்திகாவின் ஒரு கையில் தள்ளுவண்டி, ஒரு கையில் மகள். பிள்ளையை எந்தக் கையால் கொடுத்திருப்பாள்?

"அதத்தான் நான் அப்பவே சொல்ல வந்தேன். அம்மாதான் வாயப் பொத்திருச்சு" என்றாள் அன்புமொழி.

"அப்பா... நீங்களா?"

ஆத்மநாதன் பேரனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். கண்ணைத் துடைக்கவில்லை.

"குடுத்தது நான்டா. நீ ஏசுன ஏச்செல்லாம் எனக்கு வரவேண்டியது. குறுக்க நின்னு வாங்கிக்கிட்டது கார்த்திகா."