லைன்லயே இருங்க சார்

"மாமு, எல்லாரும் ஆப்பை ஆன்லயே வெச்சிகினு கீறாங்க. ஒரே ஒரு ஆளு மட்டும் டெய்லி பகல்ல ஆஃப் பண்ணிட்டு சாயங்காலம் ஆன் பண்றாங்க," என்றான் பென்னி, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாருடா அது?"

பென்னி லேப்டாப்பைத் திருப்பினான். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான். கூட்டாளி சாவியோ எட்டிப் பார்த்தான்.

ஆலிஸ். அவனுடைய மனைவி.

விம்கோ நகரில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அந்த அறைதான் அவர்களுடைய கம்பெனி. சாவியோவுக்கு ஒரு யோசனையில் கால் நிலைக்காது. பாஸ்வேர்டை மறந்துவிடுகிறவர்களுக்கு ஒரு ஆப் என்று ஆரம்பித்தான், பாதியில் விட்டான். வேண்டாத மெயிலை மொத்தமாக வழித்தெறிய ஒன்று, அதையும் விட்டான். கடைசியாக உருப்படியாக வந்தது 'உஷாரு'. பேங்க் என்றும் போலீஸ் என்றும் பேர் சொல்லி ஏமாற்றுகிறவன் போன் போட்டால், மணி அடிப்பதற்கு முன்பே கட் செய்துவிடும். தெரிந்தவர்கள் போனிலெல்லாம் போட்டு சோதித்துக்கொண்டிருந்தார்கள். முதலீடு செய்கிறேன் என்றவர் அன்று மதியம் நேரில் பார்க்க வருவதாக இருந்தது.

"அவ ஏன்டா ஆஃப் பண்றா?"

"எனக்கின்னா தெரியும்? ஆன்ல இருந்தா எத்தினி கால் வந்துச்சு, எவ்ளோ நேரம் பேசுனாங்கன்னு நமக்குத் தெரியும். ஆஃப் பண்ணா தெரியாது." சொல்லிவிட்டு பென்னி நாக்கைக் கடித்துக்கொண்டான். "மறந்துருப்பாங்க மாமு, வுடு."

"டெய்லியுமா மறப்பாங்க?"

சாவியோ போனை எடுத்து ஆலிஸுக்கு அடித்தான். அவள் வேறொரு அழைப்பில் இருந்தாள். கொஞ்சம் பொறுத்து அடித்தான். அப்போதும் அதேதான். பைக் சாவியை எடுத்தான்.

"இன்னா மாமு, அந்த ஆளு வர்ற நேரம்!"

"வந்துடறேன்டா."

திருவொற்றியூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. இடுக்கில் புகுந்து புகுந்து ஓட்டினான். மனசு அதைவிட வேகமாக எங்கெங்கோ புகுந்தது.

ஆலிஸ் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். போன வாரம் சோறு போடும்போது தனக்குத்தானே சிரித்தாள். "இன்னாடி?" என்றான். "ஒரு லூசு ஞாபகம் வந்துச்சு," என்றாள். தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவனும் கூடச் சிரித்தானே!

சிக்னலில் நின்று மறுபடி அடித்தான். இன்னமும் பேசிக்கொண்டிருந்தாள். இத்தனை நேரம் அவளிடம் பேசுவதற்கு எவனிடம் என்ன இருக்கிறது? தான் அவளிடம் உட்கார்ந்து பேசியே எவ்வளவு நாளாகிறது? பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தித் திட்டினான்.

ராயபுரத்தில் வீட்டு வாசலில் வண்டியைப் பாதி ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு ஏறினான். கீழ் வீட்டு பதுருன்னிசாம்மா, "இன்னா நைனா, இந்த நேரத்துல?" என்றார். காதில் வாங்கவில்லை.

கதவு ஒருக்களித்திருந்தது. தையல் மிஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே ஆலிஸின் குரல் கேட்டது. குழைந்த குரல்.

"ஐய, கோச்சிக்காதீங்க சார்... வெச்சிடாதீங்க. லைன்லயே இருங்க சார். வூட்ல யாரும் இல்ல, எங்க வூட்டுக்காரரு பொழுது போய்த்தான் வருவாரு. நீங்க நிதானமா பேசுங்க..."

பிறகு ஒரு சிரிப்பு.

சாவியோவுக்குக் காதெல்லாம் சுட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு போய் அவள் காதிலிருந்த ஒயரைப் பிடுங்கினான். போனை வாயருகே வைத்து, "எவன்டா நீ?" என்று கத்தினான்.

லைன் கட்டாகிவிட்டது.

ஆலிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு! வெச்சுட்டான்!"

"யாருடி அவன்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? உங்க கார்டு பிளாக் ஆயிட்சு, நம்பர் சொல்லுங்கன்னு டெய்லி ஒருத்தன் போடறான். ஒரு நாளைக்கு இந்திக்காரன் மாதிரி பேசறான், ஒரு நாளைக்கு நம்மாளு."

சாவியோவுக்கு ஒரு பயம் போய் இன்னொரு பயம் வந்தது. "நம்பர் சொல்லிட்டியா?"

"சொன்னேன். சிலிண்டர் மேல கீற நம்பரை. அதையும் முழுசா சொல்லல. கண்ணாடியக் காணோம்னேன், அடுப்புல பால் பொங்குதுன்னேன், ஆறா ஒம்போதான்னு கேட்டேன். கடுப்புல அவன் பல்லக் கடிக்கிறது இங்க கேக்குது. தச்சுகினே பேசுவேன், கையும் ஓடும்."

அவன் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். வாசலிலிருந்து கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அதுக்குத்தான ஆப்பு போட்டுக் குடுத்தேன்? தானா கட் பண்ணுமே?"

"பண்ணுதே. சூப்பரா பண்ணுது. அதான் ஆஃப் பண்ணி வெக்கறேன்." அவள் குரல் இறங்கியது. "சோறு தண்ணி இல்லாம உக்காந்து செஞ்ச. ஆஃப் பண்றேன்னு சொன்னா மனசு வுட்டுடுவியேன்னு சொல்லல."

"நல்லா வேலை செய்யுதுன்னா ஏன்டி ஆஃப் பண்ற?"

ஆலிஸ் ஒயரை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு, துணியை மிஷினில் நேராக வைத்தாள்.

"நம்ம போன்ல கட்டானா அவன் பொழப்ப வுட்டுட்டா போவான்? அடுத்த வூட்டுக்குப் போடுவான். என் கூட பேசிகினு கீற வரைக்கும் வேற யாரும் அவன் கையில மாட்ட மாட்டாங்க இல்ல?"