குலுக்கை மண்

"கஞ்சியக் குடிச்சியா தாயி?" அடுப்படியிலிருந்து மூத்தாள் மாயக்காள் கேட்டாள்.

"குடிச்சிட்டேன்க்கா" என்றாள் இளையாள் ஒச்சம்மாள், கொல்லையில் அதை நாய்க்கு ஊற்றிக்கொண்டே.

பிள்ளையில்லாத மூத்தாள் எதையாவது கலந்து கருவைக் கரைத்துவிடுவாள் என்று, திருமங்கலத்திலிருந்து பார்க்க வந்த அம்மா காதோடு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்து ஒச்சம்மாள் தன் கையால் எடுத்ததை மட்டுமே தின்றாள். தானே அவித்த கிழங்கு. மசக்கை நாக்குக்கு, நெல் கொட்டிவைக்கும் மண் குலுக்கையின் பின்பக்கம் சுரண்டிய மண். முதல் மழை விழுந்த புழுதியின் வாசம் அதில் இருந்தது.

நாய் நாளுக்கு நாள் கொழுத்தது. மெல்லக் கொல்கிற மருந்தாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சில நாளாக அவளுக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது, விரல்கள் மரத்தன.

மாயக்காள் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"வீட்டுல எலிச் சத்தமே இல்ல, பாத்தியா?"

"ஆமாக்கா. எப்படி?"

"போன வாரம் குலுக்கைய மெழுகுனேன்ல, வெளிப்பக்கம் பூசுன மண்ணுல எலிப் பாஷாணத்தக் கொழச்சு விட்டேன். புள்ளத்தாச்சி படுக்குற வீடு. எலி கடிச்சிட்டா என்ன பண்றது?"



"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ எங்க தாயி எனக்கு முகங்குடுத்துப் பேசுற?"

ஒச்சம்மாள் கையை மெல்லச் சேலைக்குள் மறைத்தாள். நகக்கண்ணில் காலையில் சுரண்டிய மண் இன்னும் ஈரமாக இருந்தது.