மைனஸ் ஆறு

ஓய்வூதிய எக்செல் கோப்பில் ஒரு பத்தி, வயதையும் மருத்துவச் சான்றையும் வைத்து, ஒவ்வொருவரும் இன்னும் எத்தனை ஆண்டு உயிரோடு இருப்பார் என்று சொல்லும். அதைத்தான் மேகலா சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அறுநூறு பெயருக்கும் ஒரே ஃபார்முலா. இருநூற்றுப் பதினான்காவது வரிசையில் மட்டும் அதன் வாலில் யாரோ கையால் +1 என்று தட்டியிருந்தார்கள், ஏழு முறை. ஃபார்முலாவுக்குள் கையால் எண்ணைச் சேர்ப்பவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது. மேல் வரிசையின் ஃபார்முலாவைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள். ஒன்று என்றிருந்த கட்டத்தில் மைனஸ் ஆறு வந்தது. இனி யாரும் கைவைக்காதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டினாள். அதன் பிறகுதான், கோப்பைத் தயாரித்த எதிர் மேசை பெர்னார்டிடம் கேட்டாள்.

“இருநூத்திப் பதினாலுல ஏன் சார் இத்தனை ஒண்ணு?”

டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தவரின் கை நின்றது.

“அது என் சம்சாரம் மேடம். இங்கதான் வேலை பார்த்தா. ஆறு வருஷம் முன்னாடி டாக்டர் கைய விரிச்சிட்டார். அந்த மார்ச்சுல சும்மா ஒண்ணு போட்டுப் பார்த்தேன். அப்புறம் ஒவ்வொரு மார்ச்சும் ஒண்ணு.” டப்பாவைக் காட்டினார். “இது அவ கட்டிக் குடுத்ததுதான். அதை ஏதும் எடுக்கலையே நீங்க?”

“எடுத்துட்டுப் பூட்டிட்டேன் சார்,” என்று மேகலா சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. திரையில் ‘வீடு’ என்றிருந்தது. பெர்னார்ட் அதைத் தொடவில்லை.

“நான் ஃபோனை எடுக்கறதுக்குள்ள பூட்டைத் திறந்துடுங்க மேடம்,” என்றார்.